டிவி டாக்டரம்மாவும் உன் கல்யாணமும்

கண்ணு,

உன் அப்பா பத்திரிகை வைக்க உத்தனப்பள்ளிக்குப் போயிருக்கிறார். சாயந்திரம்தான் வருவார். வீட்டில் நான் ஒருத்திதான். சமையலை முடித்துவிட்டேன், போனையும் அணைத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் நாலு நாளாக என்னைச் சும்மா விடவில்லை. அதை மாற்றிச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "விடும்மா" என்று சொல்லிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றாய். "அம்மா, நந்தினிகிட்ட சொல்லிடலாம்னு இருக்கன். எனக்கு உடம்பு முடியாம போனது, டாக்டர்கிட்ட பேசினது, மாத்திரை சாப்பிட்டது, எல்லாத்தையும்" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்குப்பா இப்ப? அதான் சரியாயிடுச்சில்ல? பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு. நீ ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு நினைக்க, கல்யாணம் நின்னுபோச்சுன்னா?" என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நீ மாடிக்குப் போய்விட்டாய். அந்தச் சரிம்மா எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உடம்பு முடியாமல் இருந்த நாட்களில் நான் எதைச் சொன்னாலும் நீ சொன்ன சரிம்மா அது.

இந்தப் பதிலைச் சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. செவ்வாய்க்கிழமை தவறாமல் மலைமேல் ஏறி, "மனசுல இருக்கறதை மறைக்காதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது உனக்குத் தெரியும். அங்கே நடந்தது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. பதினைந்து வருஷம் ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஊசி போட்டு, படுக்கை மாற்றிக்கொண்டு இருந்தேன். கொரோனா ஓய்ந்த பிறகு, மலைக்கிராமங்களுக்கு வீடியோ மூலமாக மனநல டாக்டரைக் காட்டும் திட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். தளி பக்கம் பிறந்தவள், கன்னடமும் தெலுங்கும் தமிழும் பேசுவாள் என்பதற்காக என்னை எடுத்தார்கள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், காட்டு ரோட்டில் ஜீப் போய் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு ஊர். அங்கிருந்து பெங்களூருக்கோ தருமபுரிக்கோ ஒருத்தரை டாக்டரிடம் காட்டக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், கூட வருகிறவர் கூலியும் போய்விடும். சாயந்திரத்துக்கு மேல் யானை நடமாட்டம். அதனால் யாரும் போவதில்லை. தூங்காமல் இருப்பவர்கள், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள், காதில் குரல் கேட்கிறது என்பவர்கள், எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அந்த ஊரில் சிக்னல் ஒழுங்காக வருவது பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில் மட்டும்தான். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு, அதன் மேல் டேப்லெட்டை நிறுத்தி வைப்பேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு நகரத்திலிருந்து டாக்டரம்மா வருவார். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டிவி டாக்டரம்மா. சில நாள் அவர் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும், சிக்னல் திரும்ப வரும் வரைக்கும் நோயாளியும் நானும் அந்தத் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பாட்டையா, "அந்தம்மாவுக்கு மொதல்ல யாராவது மருந்து குடுங்க" என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மாவுக்குத் தமிழ்தான் தெரியும். அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கன்னடம்தான் வரும். நடுவில் நான் உட்கார்ந்து இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும்.

மாதேவம்மா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவான். கைக்குழந்தை ஒன்று. குழந்தை பிறந்ததிலிருந்தே அவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள், அழுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று மாமியார் அழைத்து வந்தார். அன்றைக்கு அறையில் கூட்டம். மாமியார் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். வெளியே பதினாலு பேர் காத்திருக்கிறார்கள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் குனிந்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நங்கெ இரோதே பேடா அன்சுத்தெ" என்றாள்.

உனக்குக் கன்னடம் புரியும். எனக்கு இருக்கறதே வேண்டாம்னு தோணுது என்று சொன்னாள். நான் டேப்லெட்டைப் பார்த்து, "மனசுக்குக் கஷ்டமா இருக்குதாங்க டாக்டர். சரியா தூக்கம் இல்லையாம்" என்றேன்.

அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. மொழி தெரியாமல் வந்த தப்பு இல்லை. மாமியாருக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னால் அவள் வீட்டில் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். ஊர் பூராவும் பேசுமே என்று நினைத்தேன். பாவம், ஏதோ சலிப்பில் சொல்லிவிட்டாள் என்றும் நினைத்தேன். இத்தனையையும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் நினைத்து, அவள் சொன்னதை எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா தூக்கத்துக்கு லேசான மாத்திரை சொன்னார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மாதேவம்மா எழுந்து போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கும் கொஞ்சம் தமிழ் புரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை இல்லை, ஜீப் இல்லை. உன் அப்பா தன் பஸ் டூட்டியை இன்னொரு டிரைவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, என்னை பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஆடு மேய்க்கிறவர்கள் அவளைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஏரிக்கரையில், இடுப்பு வரைக்கும் நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் திட்டவில்லை. "அக்கா, நான் சொன்னதை நீங்க சொல்லல" என்று மட்டும் சொன்னாள், தமிழில்.

அங்கிருந்தே, போன் பேசும் அளவுக்காவது சிக்னல் கிடைக்கிற ஒரு மேட்டுக்கு ஏறி டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார். அப்புறம், "தனியா ஒரு நிமிஷம்கூட விடாதீங்க. வண்டி ஏற்பாடு பண்றேன், இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கணும்" என்றார். அதெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "தப்பு உங்களோடது மட்டும் இல்லம்மா. மாமியாரை வெளியில நிக்கச் சொல்லியிருக்கணும், சாகணும்னு தோணுதான்னு நேராவே கேட்டிருக்கணும். ரெண்டையும் நான் செய்யல. ஆனா இனிமே அவங்க என்ன சொல்றாங்களோ அதையே சொல்லுங்க. காதுல கேக்க எப்படி இருந்தாலும் சரி." அதற்கப்புறம் அந்தப் பக்கம் கன்னடம் தெரிந்த ஒருவரையும், தெலுங்கு தெரிந்த ஒருவரையும் கூட உட்கார வைத்தார்கள். குடும்பத்தாரை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறோம். மாதேவம்மா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தாள், பிறகு மாசாமாசம் அதே பள்ளிக்கூட அறைக்கு வந்து தன் வாயாலேயே பேசினாள். அவள் மகன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். இந்த வருஷம் எங்கள் வண்டி போனால் ஊரில் முதல் ஆளாக வந்து மற்றவர்களை வரிசையில் உட்கார வைப்பவள் அவள்தான். உன் கல்யாணத்துக்குக் கேழ்வரகு ஒரு மூட்டை அனுப்புகிறேன் என்கிறாள், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறாள்.

நான் இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறேன் போல.

நீ பர்கூரில் படிப்பை முடித்து வந்து, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. ஷிப்டு மாறுவதால் என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கு எதுலயும் ஒண்ணும் தோண மாட்டேங்குது" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா அப்படித்தான். வெளியில போய் பசங்களோட கிரிக்கெட் ஆடு." நீ சரிம்மா என்றாய். இதே வார்த்தையை மலைமேல் ஒருத்தர் சொல்லியிருந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று வரிசையாகக் கேட்டிருப்பேன்.

அப்புறம் நீ இளைத்துப் போனதைப் பார்த்துக் கேட்டவர்களிடம் எல்லாம் "அல்சர்" என்று சொன்னேன். உன் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அவருக்கு உண்மை தெரிந்தது என் மூலமாக இல்லை. கம்பெனி பஸ் ஓட்டுகிற இன்னொரு டிரைவர் டீக்கடையில் அவரைப் பிடித்து, "அண்ணா, உன் பையன் நாலு நாளா ரிங் ரோடு ஸ்டாப்புலயே இறங்கிடறான். மூச்சு முட்டுதுங்கறான். கம்பெனிக்கு வர்றதில்ல" என்று சொல்லியிருக்கிறார். நீ தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, காலியான பாக்ஸோடு திரும்பி வந்துகொண்டிருந்தாய். அந்தச் சாப்பாட்டை என்ன செய்தாய் என்று நான் இன்றைக்கு வரைக்கும் கேட்டதில்லை.

உன் அப்பா வீட்டுக்கு வந்து என்னைத்தான் கேட்டார். "ஏம்மா, அல்சர் வந்தவனுக்கு பஸ்சுல மூச்சு முட்டுமா?" அதோடு அவர் விடவில்லை. "நீ ஊருக்கெல்லாம் டாக்டர் காட்டறவ. நம்ம பையனுக்கு என்னான்னு உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். ரெண்டு மாசமாக என்றேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஓசூரில் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன், கம்பெனி ஆட்கள் யாராவது பார்ப்பார்கள் என்றாய். நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் தன்னோடு வேலை செய்கிற வேறு ஒரு டாக்டரிடம் உன்னை விட்டார். "உங்களோட தினமும் வேலை பாக்கறவ நான். உங்க பையன் என்கிட்ட மனசு விட்டுப் பேச மாட்டான். இன்னொண்ணு, அவன் பேசும்போது நீங்க அந்த ரூம்ல இருக்கவே கூடாது" என்றார். அப்படித்தான் அந்த வியாழக்கிழமைகள் ஆரம்பித்தன. நீ மாடி அறையில் போனோடு இருப்பாய். நானும் உன் அப்பாவும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம். உன் அப்பா டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து வாசலைப் பார்த்துக்கொள்வார். யார் வந்தாலும் "பையன் ஆன்லைன் மீட்டிங்ல இருக்கான்" என்பார். பக்கத்து வீட்டுக்காரம்மா, "என்ன கம்பெனிங்க, வாராவாரம் வீட்டிலேயே மீட்டிங் வெக்கறாங்க" என்று கேட்டதற்கு, "பெரிய கம்பெனிங்க" என்று சொல்லி அனுப்பினார்.

முதல் வாரம் நீ பேசவே இல்லையாம். கேமராவையும் அணைத்துவிட்டாயாம். டாக்டர் இருபது நிமிஷம் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் காத்திருந்தார் என்று நீயே பிறகு ஒரு நாள் சொன்னாய். மூன்றாவது வாரம் மாடியிலிருந்து நீ அழுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். உன் அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "போகாத. நம்மகிட்ட அழாதவன், அங்கயாவது அழறான்" என்றார். அந்த அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்ததுதான், கண்ணு, இந்த வேலையில் நான் பார்த்ததிலேயே கஷ்டமான வேலை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு நீ பகலெல்லாம் தூங்கினாய், உடம்பு போட்டாய், கோபப்பட்டாய். உன் அப்பா தேன்கனிக்கோட்டைக் கோயிலுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்தார். உனக்குக் கட்டிவிட்டு, "இதுவும் இருக்கட்டும், அதையும் விடாத" என்றார். அதற்கப்புறம் அவர் போனில் உன்னைக் கேட்கிற கேள்வி ரெண்டாகிவிட்டது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. கம்பெனியில் டாக்டர் லெட்டரைக் கொடுத்து நீயே பேசி ஜெனரல் ஷிப்டு வாங்கினாய். நடுவில் சரியாகிவிட்டது என்று நீயாக மாத்திரையை நிறுத்தி, மழைக்காலத்தில் மறுபடியும் படுத்துக்கொண்டாய். அதுவும் போனது. போன வருஷம் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நீ பஸ்ஸில் ஏறி, முழுத் தூரமும் போய், இறங்கி, "போய்ச் சேர்ந்துட்டன்" என்று மெசேஜ் அனுப்பிய அன்றைக்கு உன் அப்பா தன் பஸ்ஸில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தாராம். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே, ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நிச்சயத்தன்றைக்கு நந்தினியின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா. தம்பிக்கு உடம்பு கிடம்பு எல்லாம் நல்லாத்தானே?" என்று கேட்டார். தக்காளித் தோட்டத்துக்காரர், நேராகக் கேட்கிற மனுஷர். "நல்லாத்தாங்க" என்றேன். பொய் இல்லை, நீ நன்றாகத்தான் இருக்கிறாய். ஆனால் அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்த பதில் வேறு ஒன்று.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல். நின்றால் நிற்கட்டும், பத்திரிகை வெறும் காகிதம்தானே. மறைத்துக் கட்டிக்கொண்டால் இன்னொரு மழைக்காலத்தில் உனக்கு முடியாமல் போகும்போது, நோயோடு சேர்த்து அதை ஒளிக்கிற வேலையையும் நீ பார்க்க வேண்டியிருக்கும். சொல்லும்போது "சின்னதா ஸ்ட்ரெஸ்" என்று சுருக்காதே. என்னவோ பெரிய தியாகம் செய்கிற மாதிரியும் சொல்லாதே. அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லையென்றால் பதில் கேட்டு நெருக்காதே, அவளுக்கும் நேரம் வேண்டும். இன்னொன்று, அவளை உன் டாக்டராக்கிவிடாதே. அவள் உன்னோடு சினிமாவுக்கு வரவும், சண்டை போடவும், உன் சட்டையைக் குறை சொல்லவும் வருகிறவள். டாக்டர் வேலைக்கு டாக்டர் இருக்கிறார். அவளுக்கும் ஒரு நாள் எதுவும் தோணாமல் போகலாம். அன்றைக்கு நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்ன பதிலைச் சொல்லாமல், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்.

உன் அப்பா வண்டிச் சத்தம் கேட்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

*

இதுவரைக்கும் வியாழக்கிழமை எழுதினது. இன்றைக்குத் திங்கள். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதற்குள் நீயே முந்திக்கொண்டாய். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக ராயக்கோட்டைக்குப் போய், அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன் என்றாய். நான் பெரிதாக அறிவுரை எழுதி மடித்து வைத்திருக்கிறேன், நீயானால் அதற்குக் காத்திருக்கவில்லை. அம்மா வேண்டாம் என்றதையும் மீறிப் போனாயே, அதில்தான் எனக்குச் சந்தோஷம்.

அதற்கப்புறம் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவளிடமிருந்து போன் இல்லை. நீ சாப்பிட்டாய், தூங்கினாய், ஆனால் போனைக் கையிலேயே வைத்திருந்தாய். உன் அப்பா மண்டபத்துக்காரருக்கு போன் செய்து, ஒருவேளை தேதி மாறினால் என்ன செய்வது என்று நைசாகக் கேட்டு வைத்தார். அது உனக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையில் பத்து மணிக்கு நந்தினி என்னைக் கூப்பிட்டாள். உன்னை இல்லை, என்னை. "அத்தை, பேசலாமா?" என்றாள்.

"பேசு கண்ணு."

"அவரு எல்லாம் சொன்னாரு. அந்த நோய் வந்தது தப்புன்னு நான் நினைக்கல. நிச்சயத்துக்கு முன்னாடி ஏன் சொல்லலன்னுதான் கோவம். உங்க மேலயும் கோவம்தான் அத்தை. எங்கப்பா உங்களைக் கேட்டாரு, நீங்க நல்லாத்தாங்கன்னு சொல்லிட்டீங்க."

"நியாயம்தான். நான்தான் மறைச்சேன். அவன் சொல்றேன்னப்பவும் வேண்டாம்னு தடுத்தவ நான்தான். உங்கப்பாகிட்ட நானே வந்து பேசறன்."

"அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டன். கொஞ்ச நேரம் கத்தினாரு. அப்புறம் எங்க அக்கா ரூமையே பாத்துட்டு இருந்தாரு." பிறகு அவளே சொன்னாள். "அத்தை, எங்க அக்கா நிச்சயத்துக்கு வரலையே, ஞாபகம் இருக்குதா? கைக்குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னோம். காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆறு மாசமா அவ ரூமை விட்டு வெளிய வர்றதில்ல. தலைகூட வாரறதில்ல. நாங்களும் உங்ககிட்ட மறைச்சிட்டோம்."

நான் அப்போது நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, குழந்தையைத் தூக்குகிறாளா என்று கேட்டேன். அப்புறம், "அக்காவுக்குத் தெரியுமா, நீ என்கிட்ட பேசறது?" என்றேன். "பக்கத்துலதான் இருக்கா. அவளே உங்ககிட்ட பேசணும்னா" என்று போனைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. பிறகு மெதுவாக, "அந்த டாக்டர்கிட்ட வீட்டிலிருந்தே பேசலாமாங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

பேசலாம் என்றேன். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன். சில நாள் தோணும் என்றாள், இன்றைக்கு இல்லை என்றாள். அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், அரை மணி நேரத்தில் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கு மத்தியானமே முதல் தடவை பேசினார். இரவில் அவள் அம்மா கூடவே படுத்துக்கொள்ள வேண்டும், தனியாக விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு ரெண்டு நாள் பேசுவார். நாளை மறுநாள் நானும் உன் அப்பாவும் ராயக்கோட்டைக்குப் போகிறோம். நந்தினியின் அப்பாவிடம் நான் சொல்ல வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லலாமா என்று நந்தினியைக் கேட்டேன். "அக்கா சரின்னுட்டா. நீங்களே எழுதுங்க அத்தை. நான் அவருகிட்ட இன்னும் ரெண்டு நாள் கோவமாத்தான் இருப்பேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கல்யாணம் நிற்கவில்லை, கண்ணு.

கடைசியாக ஒரு விஷயம். அக்கா கல்யாணத்துக்கு வர ஆசைப்படுகிறாள், ஆனால் கூட்டத்தில் நிற்க முடியாது என்கிறாள். மண்டபத்தில் பந்தி நடக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. உன் அப்பா அதற்குச் சாவி வாங்கி வைத்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் அவள் அம்மா மேடையில் நின்றாக வேண்டும், தங்கை மணவறையில் இருப்பாள். அவளோடு இருக்க ஒரு ஆள் வேண்டும். நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு முடிந்தால் ரெண்டு பேருமாக வந்து ஓரமாக நின்று அட்சதை போடுவோம். முடியவில்லையென்றால் நீ தாலி கட்டும்போது உன் அம்மா கண்ணில் படமாட்டாள். தேடாதே, யாரையும் அனுப்பாதே. நிமிர்ந்து நின்று நிதானமாகக் கட்டு. கெட்டிமேளம் அந்த அறைக்கு நன்றாகவே கேட்குமாம், உன் அப்பா நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

உன்னைப் பெற்றவள்